நம்

பலகையில் அவள் பெயர் மூன்றே எழுத்து: என், ஏ, எம்.
கொரியாவில் குடும்பப் பெயரைத்தான் முன்னால் போடுவார்களாம்.
என் முதுகில் செங்கமலம்,
ஆங்கிலத்தில் பத்து எழுத்து,
இரண்டு அக்குளுக்குள்ளும் மடிந்து கிடக்கும்.

தாஷ்கண்டில் முதல் தடவை, பதினைந்துக்கு நான்கு.
அந்த நான்கில் ஒன்று அவள் கால் வழுக்கியது.
பாங்காக்கில் பதினைந்துக்கு எட்டு.
போராடித் தோற்றார் என்று போட்டார்கள்.
சும்மா தோற்றவர் யாரையும் நான் செய்தியில் பார்த்ததில்லை.

அதற்கு முன்பே அவளைத் தெரியும்.
ஆடி மாதம் மன்னார்குடியில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும்.
மணமேடையில் போனைச் சாய்த்து வைத்து
கால் வேகத்தில் ஓடவிடுவேன்:
பதினெட்டு வயது நம் கியோங்-அ,
முன்பாதம் தரையில் படுவதற்குள்
கை போய்ச் சேர்ந்திருக்கும்.
பந்திப் பாய்களை நீளவாக்கில் போட்டால் பதினான்கு மீட்டர்.
அதன்மேல் நானே அவள்.
காவலுக்கு இருந்த கலியபெருமாள் ஒருநாள் கேட்டார்:
"யாரை வெட்டுற பாப்பா, எதிர்ல ஆளையே காணோம்?"

இருபத்திரண்டில் உலகப் பட்டம்.
இருபத்தைந்தில் இடது முழங்கால். ஒன்பது மாதம்.
அந்த ஒன்பது மாதமும்
எனக்கும் ஏனோ ஆட்டம் கூடவில்லை.
திரும்பி வந்தாள், கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் பொல்லாதவளாக.
முன்பு ஓடிவந்து வெட்டியவள்
இப்போது எதிராளியை ஓடவிட்டு வெட்டினாள்.

மூன்றாவது இஞ்சியோன். காலிறுதி.
பதினான்குக்குப் பதினான்கு.

சேபர் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.
இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் விளக்கு எரியும்.
இரண்டு விளக்கும் எரிந்துவிட்டால்
யார் வாள் முதலில் பட்டது என்று பார்ப்பதில்லை,
யார் முதலில் புறப்பட்டது என்று பார்ப்பார்கள்.

இரண்டும் எரிந்தன.
நடுவர் மூன்று முறை வீடியோ பார்த்தார்.
கை அவள் பக்கம் போனது.

மறுநாள் ஊர்ப் பேப்பரில், கொட்டை எழுத்தில்:
காலிறுதியில் நம் வெற்றி.
பந்தலடியில் வெடி போட்டுவிட்டார்கள்.
அப்பா இரண்டு கிலோ லட்டு கொடுத்து முடித்த பிறகுதான்
நான் போனில் கிடைத்தேன்.
"திருப்பியா வாங்க முடியும்" என்றார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. நீடாமங்கலம் ரயில்வே கேட்.
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை,
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து தீரும்வரை,
இருபுறமும் அரை கிலோமீட்டருக்கு வண்டிகள்.
தான்தான் முதலில் வந்தேன் என்று
ஆளாளுக்கு ஹாரன் அடிப்பார்கள்.
ஏழு வருஷமாக நானும் அதையேதான் அடித்துக்கொண்டிருந்தேன்,
அந்த நடுவர் கையைப் பார்த்து, மனசுக்குள்.

நேற்று இரவுப் பணியில் செய்தி வந்தது.
முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெறுகிறாள்.
மறக்க முடியாத எதிராளி யார் என்று கேட்கிறார்கள்.
கேள்வி முடிவதற்குள் பதில்: ஹங்கேரிக்காரி ஒருத்தி.
கடைசிவரை பார்த்தேன், விளம்பரம் உட்பட.
பத்தெழுத்துப் பெயர் எதுவும் வரவில்லை.

பிறகு இஞ்சியோன் வீடியோவைத் தேடி எடுத்தேன்.
கால் வேகம்.
முதல் முறையாக அவளை விட்டுவிட்டு
என் காலைப் பார்த்தேன்.
நடுவர் ஆலே என்றதும் கிளம்பிய பாதம்
தரையை ஒருமுறை தடவுகிறது,
கோரையாற்றில் இறங்குகிறவர் ஆழம் பார்ப்பதுபோல.
அவ்வளவுதான்.
அதற்குள் அவள் பாதி தூரம் வந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கூட்ஸ் போனது. கேட்டைத் திறந்தேன்.
வழக்கம்போல இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து
தண்டவாளத்துக்கு நடுவில், முகத்தோடு முகம்,
வேளாங்கண்ணி பஸ்ஸும் நெல் லாரியும்.
முகப்பு விளக்குகள் எல்லாம் என் கண்ணில்.
லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னேன்.

"நான்தானேக்கா முதல்ல ஏறினேன்?"

"ஏறுனீங்க.
நடுவுல கொஞ்சம் நின்னீங்க."